எங்கள் வீட்டில் தினமும் பரீட்சை

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து காப்பாற்றும்படி உலகத்துக்கு எடுத்துச் சொன்ன பெரியவர்களின் வாழ்க்கை வரலாற்றை வரிசையாகப் படித்தேன். படித்ததும் வயிற்றைக் கலக்கியது. புத்தகத்தைத் திணிக்காதே, பிள்ளையை இயற்கையோடு வளரவிடு என்று 1762ல் ‘எமில்’ எழுதிய ரூசோ, தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதியில் விட்டுவிட்டவர். சமுதாயத்துக்குப் பள்ளிக்கூடமே தேவையில்லை என்று 1971ல் புத்தகம் போட்ட இவான் இல்லிச், கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்தவர். பள்ளி இல்லாமல் பிள்ளைகளைத் தம் போக்கில் கற்கவிடுவதற்கு ‘அன்ஸ்கூலிங்’ என்று பெயர் வைத்து, 1977ல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கிய ஜான் ஹோல்ட் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அருமையான ஆசிரியர். குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து எழுதியவர். நாற்பது வயதில் செல்லோ வாசிக்கக் கற்றுக்கொண்டவர். நாற்பது வயதில் ஒரு மனிதருக்கு செல்லோ வாசிக்க நேரம் கிடைத்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் முந்தைய வாக்கியங்களில் இருக்கிறது.

ஆக, ராத்திரி பதினொரு மணிக்கு “அம்மா, மீனு தூங்குமா?” என்ற கேள்விக்காகப் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்த அனுபவம் இந்தத் துறையின் மூலவர்கள் மூவருக்கும் இல்லை. அந்தக் குறையைப் போக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோயம்புத்தூர் வடவள்ளியில், மருதமலைக்குப் போகிற வழியில். வீட்டுக்காரர் கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். நான் அவரைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு வீட்டிலிருந்தே ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போவதில்லை. வீட்டிலும் பள்ளிக்கூடம் நடப்பதில்லை.

இந்த இரண்டாவது விஷயத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். வீட்டில் வைத்துப் பாடம் நடத்துவது என்றால் ஊருக்கு ஓரளவு புரிகிறது. அம்மாதான் டீச்சர், சாப்பாட்டு மேசைதான் வகுப்பு, பத்து மணிக்குக் கணக்கு, பதினொன்றுக்கு அறிவியல். நாங்கள் அதையும் செய்வதில்லை. பாடத்திட்டம், நேர அட்டவணை எதுவும் கிடையாது. பிள்ளைகள் எதையாவது தெரிந்துகொள்ளக் கிளம்பினால் நாங்கள் கூடப் போகிறோம், அவ்வளவுதான். “அப்பறம் சும்மாதான் இருக்குதுங்கன்னு சொல்லுங்க” என்றார் கீரை கொண்டுவருகிற அம்மா. சுருக்கமாகச் சொன்னால் அதேதான். ஆனால் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று மருதமலை முருகன் வாசலில் குடியிருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலையில் எங்கள் வீதிக்குப் பள்ளி வேன் வரும். ஹார்ன் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டில் ஒற்றை ஷூவைத் தேடி நான்கு பேர் ஓடுவார்கள். பக்கத்து வீட்டுப் பையன் வாயில் பாதி தோசையோடு வேனுக்குள் ஏற்றப்படுவான். எங்கள் இருவரும் கேட்டில் தொற்றிக்கொண்டு டாட்டா காட்டுவார்கள். ‘உனக்கென்னம்மா, டிபன் பாக்ஸ் கட்ட வேண்டாம், ஹோம்ஒர்க் எழுத வைக்க வேண்டாம்’ என்கிற பார்வை என் பக்கம் வரும். பள்ளிக்கூடம் பிள்ளைக்குக் கல்வி தருகிறதா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். வீட்டுக்கு ஏழு மணி நேர அமைதி தருகிறது என்பதில் எந்த அறிஞரும் மறுப்புச் சொல்ல முடியாது. வேன் தெருமுனை திரும்பியதும் எதிர்வீட்டு அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். அவருக்கு மணி அடித்துவிட்டது. எனக்கு முதல் பீரியட் தொடங்குகிறது.

போன மாதம் முழுக்க முதல் பீரியடில் இட்லி மாவு. ராத்திரி பாதிப் பாத்திரம் இருந்த மாவு காலையில் விளிம்புக்கு எப்படி வந்தது என்று பெரியவளுக்குச் சந்தேகம். உளுந்தில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் மாவைத் தின்று காற்று விடுகின்றன என்று அவளுடைய அப்பா விளக்கினார். அந்த விளக்கத்தில் ‘காற்று விடுகின்றன’ என்ற பகுதியை மட்டும் சின்னவன் பிடித்துக்கொண்டு மூன்று நாள் சிரித்தான். பெரியவள் பாத்திரத்தின் மேல் பேனாவால் கோடு கிழித்து, ராத்திரி எழுந்து எழுந்து பார்த்தாள். அதற்குப் பிறகு இட்லியின் உயரத்துக்கு வந்தாள். பட்டறையிலிருந்து ஒரு பழைய வெர்னியர் காலிப்பரை வீட்டுக்காரர் கொண்டுவந்திருந்தார். மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குவரை காட்டும். அப்பத்தாவின் மூக்கு, பல்லியின் வால் (முயற்சி மட்டும்), என் பொட்டு எல்லாம் அளக்கப்பட்டன. ஒரு காலைப்பொழுதில் தட்டைப் பார்த்து அறிவித்தாள்: “நேத்து இட்லி 31.46. இன்னிக்கு 28.10. உளுந்து பத்தலை.”

“நாப்பது வருசமா இட்லி சுடறேன். எங்க மாமியா கூட ‘நல்லால்ல’ன்னுதான் சொல்லும். புள்ளிவெச்சுச் சொன்னதில்ல” என்றார் என் அத்தை, பிள்ளைகளின் அப்பத்தா.

இப்படிப் போகிற பிள்ளைகளுக்குப் பரீட்சைத் தொல்லையாவது இல்லையே என்று நீங்கள் நினைக்கலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது. பள்ளிக்குப் போகிற குழந்தைக்குக் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று மூன்று பரீட்சை. தேதி முன்னாலேயே தெரியும், பாடம் எதுவரை என்றும் தெரியும், வினாத்தாளில் கூட ‘ஏதேனும் ஐந்துக்கு மட்டும் விடையளி’ என்ற கருணை உண்டு. எங்கள் பிள்ளைகளுக்குத் தினமும் பரீட்சை. எங்கே, எப்போது, யார் கையால் என்று தெரியாது. பூக்கடையில் நடக்கும், கல்யாணப் பந்தியில் அப்பளம் நொறுக்கும்போது நடக்கும், பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு நடத்துவார்.

எல்லாத் தேர்வும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பம். “எந்த கிளாஸ் கண்ணு படிக்கிறே?” தமிழ்நாட்டில் ஒரு குழந்தையிடம் பேச்சுக் கொடுக்கப் பெரியவர்களிடம் இருக்கிற ஒரே சாவி இது. பெரியவள் முதலில் “ஸ்கூல் போறதில்லைங்க” என்று உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மருதமலை பஸ்ஸில் ஒரு பாட்டி அதைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “பீஸ் கட்ட முடியலையா சாமி? வெக்கப்படாதே. கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்தீரு. காலச் சோறே போடறாங்க.” 2022ல் வந்த காலை உணவுத் திட்டத்தை அதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கிவிட முடியாது. இறங்கும்போது பெரியவளின் கையில் ஒரு பத்து ரூபாய்த் தாளையும் திணித்தார். அவள் இப்போது வயசைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். சின்னவன் “கிளாஸ் இல்லீங்க, நான் பையன்” என்கிறான்.

முதல் கேள்வியில் தேறாதவர்களுக்கு உடனே சிறப்புத் தேர்வு உண்டு. அதில் பாடம் மூன்று: எழுதப் படிக்கத் தெரியுமா, வாய்ப்பாடு தெரியுமா, இங்கிலீஷ் வருமா. பள்ளிக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பையனிடம் இதை யாரும் கேட்பதில்லை. அவன் யூனிபார்மே அவனுக்குச் சான்றிதழ். அந்த டையைக் கட்டிக்கொண்டு நின்றால் ஏழெட்டு எத்தனை என்று தெரியாமலே ஆறு வருடம் ஓட்டலாம்.

தேர்வாளர்களில் தலையாயவர் என் அப்பா. பிள்ளைகளுக்கு அப்புச்சி. பொள்ளாச்சியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு சம்பளத்துக்குத்தானே தவிர அவருக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய பை நிறையத் தேங்காயோடு வருவார். தேங்காய்களை எடுத்து வைத்தால் அடியில், கள்ளக் கடத்தல் தங்கம் போல, மூன்றாம் வகுப்புக் கணக்கு கைடு இருக்கும். “சும்மா கெடந்துச்சு, எடுத்துட்டு வந்தேன்” என்பார். விலைச்சீட்டு உள்ளேயே இருக்கும்.

போன தடவை ஊஞ்சலில் உட்கார்ந்தபடி ஆரம்பித்தார்.

“ஏழெட்டு எத்தனை கண்ணு?”

“எதுங்க அப்புச்சி?”

“எதுன்னா?”

“ஏழு எது, எட்டு எது?”

“எதுவோ ஒண்ணு. மாங்காய்ன்னு வெச்சுக்க. ஏழு கூடை, கூடைக்கு எட்டு.”

“அவ்வளவு எதுக்குங்க வாங்குனீங்க?”

“வாங்கல. கணக்குக்குச் சொல்றேன்.”

“ஊறுகாய்க்கா? ஊறுகாய்க்குன்னா சரி. இல்லாட்டி அம்பத்தாறு மாங்காயும் பழுத்து வீணாப் போயிருமே.”

அப்பா ஊஞ்சலை நிறுத்தினார். உள்ளே திரும்பி, “அம்பத்தாறுன்னு சொல்லிட்டா!” என்று எனக்குக் குரல் கொடுத்தார். அந்த வெற்றியைத் தம் கணக்கில் எழுதிக்கொண்டு, திரும்பிப் போகும்போது இரண்டாவது கைடையும் விட்டுவிட்டுப் போனார்.

எழுதப் படிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். பெரியவள் ஏழு வயதுவரை எழுத்துக்கூட்டக்கூட இல்லை. எல்லோரையும்விட எனக்குத்தான் தூக்கம் போனது. வெளியே ஹோல்ட், உள்ளே கணக்கு வாத்தியார் மகள். பிறகு ஒரு மழைக்காலத்தில் அவளாகவே வாசிக்க ஆரம்பித்தாள். வழிகாட்டியது எந்தப் பாலபாடமும் இல்லை, பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர். யோசித்துப் பார்த்தால் அதைவிட நல்ல பாடநூல் கிடையாது. எழுத்து பெரிது, சொற்கள் எல்லாப் போஸ்டரிலும் ஒன்றே, நடுவில் படம், கீழே சொந்தக்காரர்களின் பெயர்ப் பட்டியல். பாடநூல் கழகம் தராத ஒரு வசதியும் உண்டு: வாரம் ஒருமுறை புதுப் பதிப்பு வரும். தோற்றம், மறைவு என்று போட்டிருக்கும் இரண்டு வருடங்களையும் பார்த்து அவள் கழித்தல் கற்றுக்கொண்டாள். மாதத்தையும் பார்ப்பாள். பிறந்தநாள் வருவதற்குள் போய்விட்டவர்களுக்கு ஒரு வயது குறைத்துக்கொள்வாள்.

எங்கள் அப்பாவோடு கடைக்குப் போனபோது சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: “அப்புச்சி, இவரு உங்களைவிட ரெண்டு வயசு சின்னவரு!” கணக்கு சரி. அப்பா வீடு வந்து சேரும்வரை பேசவில்லை.

போஸ்டரிலிருந்து ஃபிளெக்ஸுக்கு முன்னேறினாள். காந்திபுரம் போகிற பஸ்ஸில், ஜன்னலுக்கு வெளியே மண்டபத்து வாசலில் இருந்ததை ஒரு எழுத்து பிசகாமல், நிறுத்தி, அழகாக வாசித்தாள்: “பூப்புனித நன்னீராட்டு விழா.” சரளமாக வாசிக்கிறாளே என்று பெருமைப்பட எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. “அப்படீன்னா என்னம்மா?” என்று அதே குரலில் அடுத்த கேள்வி வந்துவிட்டது. பஸ்ஸில் பேச்சு நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். “எதை வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் கேக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றாள். எங்கள் வீட்டுக் கல்விக் கொள்கையின் ஒரே ஷரத்து அது. அதை எழுதும்போது டவுன் பஸ்ஸை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நான்கே வாக்கியத்தில், தாழ்ந்த குரலில், உள்ளதைச் சொன்னேன். பின் சீட்டு அம்மா மட்டும் “நல்லாத்தான் சொன்னீங்க” என்றார்.

கணக்குக்கு வீட்டில் சிலிண்டர் இருக்கிறது. உள்ளே 14.2 கிலோ எரிவாயு. காலிச் சிலிண்டரின் எடை மேல் பட்டையில் பெயின்ட்டில் எழுதியிருக்கும். அது 15.3 என்றால் தராசு 29.5 காட்ட வேண்டும். பக்கத்திலேயே ‘பி-27’ என்பது போல ஒன்று இருக்கும். ஏ, பி, சி, டி நான்கும் வருடத்தின் நான்கு காலாண்டுகள். பி-27 என்றால் 2027 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பெரியவள் இந்த எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகுதான் சிலிண்டர் வாசல்படி தாண்டும். “அண்ணா, தராசு கொண்டுவரலையா?” என்பாள். சிலிண்டர் போடுகிற தம்பி ஒருநாள் என்னிடம் தனியாகக் கேட்டார்: “ஏனுங்க்கா, பாப்பாவை ஸ்கூலுக்கு அனுப்பீரலாமில்லீங்?” பள்ளிக்கூடம் அமைதி தருவது வீட்டுக்கு மட்டுமல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

பால் பாக்கெட்டில் தசமம் வந்தது: நீலத்தில் 3 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. மின் மீட்டரிலும் கொஞ்ச நாள் இருந்தாள். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று தெரிந்ததும், மதியம் தூங்கிக்கொண்டிருந்த அப்பத்தாவின் தலைக்கு மேல் ஓடிய ஃபேனை நிறுத்தினாள். அந்தப் பாடம் அன்றோடு முடிக்கப்பட்டது.

சின்னவனின் துறை வேறு. மிக்ஸியில் ஏன் கருகல் வாடை வருகிறது என்று கேட்டான். அப்பாவும் மகனும் ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றிப் பாய் விரித்து அடுக்கினார்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. மிக்ஸி மோட்டாருக்குப் பிரஷ் உண்டு, கிரைண்டர் மோட்டாருக்குக் கிடையாது, அதற்குக் கெப்பாசிட்டர் என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்கு கிரைண்டர் மேல் ஒரு தனி மரியாதை. பிரஷ் கிடைக்கும்வரை வீட்டில் அம்மிச் சட்னி. அத்தை முகத்தில் அந்த வாரம் இருந்த திருப்தியை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. அரைத்தது நான்.

அதன் பலன் ஒரு கல்யாணத்தில் தெரிந்தது. தூரத்து மாமா ஒருவர் அவனை மடியில் உட்காரவைத்து இங்கிலீஷ் தாளை எடுத்தார்.

“ஏ ஃபார்?”

“ஆர்மேச்சர்.”

“…பி ஃபார்?”

“பிரஷ்.”

“சி ஃபார்?”

“கெப்பாசிட்டர். மாமா, உங்க வீட்டு மிக்ஸில பொறி வருதுங்களா?”

மாமா வீட்டு மிக்ஸியிலும் பொறி வந்துகொண்டிருந்தது. மீதி எழுத்துகளை அவர் கேட்கவில்லை.

எல்லாமே இப்படிப் பலித்துவிடுவதாக நினைக்க வேண்டாம். பிள்ளை கண்ணில் படுகிறமாதிரி நல்ல விஷயங்களை அங்கங்கே சும்மா போட்டுவைக்க வேண்டும், தானாக எடுத்துப் பார்க்கும் என்று இந்த வழியில் போகிறவர்கள் சொல்வார்கள். வீட்டுக்காரர் அதை நம்பி ஒரு பெரிய உலக வரைபடப் புத்தகம் வாங்கி சோபாவில் சும்மா போட்டார். சின்னவன் அதைச் சாய்த்து வைத்துக் கார் விட்டான். பெரியவள் அதன்மேல் ஏறி நின்று அலமாரியிலிருந்து மிட்டாய் எடுத்தாள். கடைசியில் அத்தை அதை விரித்து, சுட்ட முறுக்கை அதன்மேல் வடியவைத்தார். சில வாரம் கழித்துப் பெரியவள் அப்பாவிடம், “கஜகஸ்தான்ல எண்ணெய் இருக்கு தெரியுமா?” என்றாள். அவர் பூரித்துப்போனார். உண்மையும்கூட, அந்த நாட்டில் எண்ணெய் வளம் உண்டு. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. கடலை எண்ணெய்.

தேதி குறித்து நடக்கிற பரீட்சை எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று. மாதம் இருபதாம் தேதி ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யக் கடைசி நாள். அன்று யாரும் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது. பிள்ளைகள் அதற்கு ‘அம்மா பரீட்சை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கதவுக்கு வெளியே சின்னவன் காவல் நின்று, அரைமணிக்கு ஒருமுறை “முடிஞ்சுதா?” என்று கேட்டுக்கொண்டிருப்பான்.

“நாலு பிள்ளைகளோட பழக வேண்டாமா?” என்பது இன்னொரு நிரந்தரக் கேள்வி. நியாயமானதுதான், ஆனால் கேட்கிறவர்கள் அந்த நாலு பிள்ளைகள் எங்கே என்பதையும் சொல்லவேண்டும். பகலில் அவர்கள் பள்ளியில் இருக்கிறார்கள். நான்கு மணிக்கு வேனிலிருந்து இறங்குகிறார்கள். நாலரைக்கு அபாகஸ், ஐந்தரைக்கு ஹிந்தி, சனிக்கிழமை சிலம்பம். எங்கள் இருவரும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வீதியில் காத்திருப்பார்கள். விளையாட ஆள் கிடைக்காததால் பெரியவர்களோடு பழகுகிறார்கள். அதனால் தெருவில் எந்த வீட்டில் எவ்வளவு கடன், யாருக்கு எந்த மாத்திரை என்பதெல்லாம் எங்கள் வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

மே மாதத்தில் அரசு சார்பில் ஒரு தேர்வாளர் வந்தார். பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க வீடு வீடாக வருகிற ஆசிரியர். வெயிலில் களைத்து வந்தவரை உட்காரவைத்து மோர் கொடுத்தேன். சட்டம் என்னவென்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். 2009ஆம் வருடத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறிலிருந்து பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று பத்தாவது பிரிவில் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று அந்தச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் எங்களைப் போன்றவர்கள் குடியிருக்கிறோம். பதினான்கு வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்பு எழுதலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரியவள் வந்து உட்கார்ந்தாள். தேர்வு திசை மாறியது.

“நீங்க எந்த கிளாஸ்ங்க?”

“நான் நாலாங் கிளாஸ் கண்ணு.”

“எத்தனை வருசமா?”

“அது ஆச்சு, பன்னெண்டு வருசம்.”

“பாஸே ஆகலைங்களா?”

டீச்சருக்கு மோர் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிவத்தில் ‘ஒருபோதும் சேராதவர்’ என்ற கட்டத்தில் டிக் போட்டார். எங்கள் பள்ளிக்கு ஒருநாள் வந்து பார், நூலகம் இருக்கிறது, சத்துணவில் முட்டை உண்டு என்று கூப்பிட்டார். எனக்கு வயிறு பகீரென்றது. பிள்ளை ஆசைப்பட்டால் பள்ளிக்கு அனுப்பத்தான் வேண்டும், இந்த வழியின் தர்மம் அது. பெரியவள் யோசித்தாள். “மணி அடிக்க விடுவீங்களா?”

“அது அஞ்சாங் கிளாஸ் பிள்ளைக வேலை.”

“சரிங்க, அஞ்சாங் கிளாஸ் வயசு வந்ததும் வர்றேன்” என்றாள்.

வாசலில் செருப்பைப் போட்டபடி அந்த டீச்சர் என்னிடம் ஒன்று சொன்னார். அவர் வகுப்பில் பீகார், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ் தெரியாமல் வந்து, ஆறே மாதத்தில் தமிழில் சண்டை போடுகிறார்கள். “உங்க வீட்ல சோபா மேல புத்தகம் கெடக்குது. அதுகளுக்கு நாங்கதாங்க எல்லாம்” என்றார். அதற்கு என்னிடம் வேடிக்கையான பதில் இல்லை.

என் அத்தையிடமும் இல்லை. அவர் மூன்றாவது வரை படித்தவர். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று நிறுத்திவிட்டார்கள். காமராசர் காலத்தில் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்து மதியச் சோறும் போட்டார்கள், என் வாசல்வரை வரவில்லை என்பார். “நான் போகோணும்னு அழுதேன், உடல. நீ போக வேண்டாங்கறே. ரெண்டு பக்கமும் வேடிக்கை பாக்கறதுக்குத்தான் என்னைப் படைச்சிருக்கு” என்பார். அப்படிச் சொன்னவர்தான் மதியத்தில் சின்னவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோலமாவில் எழுத்துப் போட்டுக் காட்டுகிறார். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் முன்னேறுகிறார்கள். அத்தை இப்போது ராசிபலன் பகுதியைத் தானே வாசிக்கிறார்.

கோயம்புத்தூரில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்கு ஒரு குலதெய்வம் உண்டு, ஜி.டி. நாயுடு. சில வகுப்போடு பள்ளியை விட்டவர். ஒரு மோட்டார் சைக்கிள் வாங்குவதற்காக ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்தவர். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரு பஸ்ஸை வைத்துத் தொடங்கி, பிறகு பெரிய பஸ் கம்பெனியே நடத்தியவர். வீட்டுக்காரரின் அண்ணன் ஒரு பொங்கலுக்கு எங்களை உட்காரவைத்துப் பேசியபோது நான் இந்த அஸ்திரத்தை எடுத்தேன். “நாயுடு வேற, உன்ற புள்ளைக வேற” என்று ஒரே வரியில் அதை மடக்கிவிட்டார். பெரியவள் மட்டும் விடவில்லை. அவர் எப்போது பிறந்தார், எப்போது இறந்தார் என்று கேட்டாள். 1893 மார்ச், 1974 ஜனவரி என்றேன். “எம்பத்தொண்ணு இல்ல, எம்பது. பொறந்தநாளுக்கு முன்னாலயே போயிட்டாரு” என்றாள். பெரியப்பா ஃபோனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பொங்கல் சாப்பிடப் போனார்.

உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், பஸ்ஸில் இனிமேல் பக்கத்தில் உட்காரப்போகிற முகம் தெரியாத பெரியவர்களுக்கும் ஒரு விவரம். பெரியவளுக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை தெரியும். பதிமூன்றில் தடுமாறுவாள். தமிழ் வாசிப்பாள், எழுதும்போது ‘ண’வும் ‘ன’வும் இடம் மாறும். இங்கிலீஷ் சுமார். சின்னவன் நூறுவரை எண்ணுவான், அறுபத்தொன்பதிலிருந்து நேராக எண்பதுக்குத் தாவுவான். ‘ழ’ எழுத வராது, சொல்லவும் வராது. திருத்தப்பட்ட அடுத்த பட்டியல் தைப் பொங்கலுக்கு வெளியாகும். அதுவரை தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம். வீட்டுக்கு வருகிறவர்கள் கைடும் வாங்கி வர வேண்டாம். மூன்றாம் வகுப்புக் கணக்கில் இரண்டு பிரதி இருக்கிறது.